அண்ணனுக்கு வந்தது, எனக்கு வரவில்லை

2004ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் அண்ணனுக்குக் காசநோய் என்று உறுதியாயிற்று. அவருக்கு அப்போது 24 வயது, எனக்கு 20. வடசென்னையில் ஓர் அறையும் சமையற்கட்டும் மட்டுமே இருந்த வாடகை வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான் என நால்வரும் வசித்தோம்; கொசுவுக்குப் பயந்து சன்னலைச் சாத்திவிட்டு, இரவில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். அண்ணன் இரண்டரை மாதங்களாக இருமிக்கொண்டிருந்தார். அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் மாற்றி மாற்றி இருமல் மருந்து எழுதிக் கொடுத்தாரே தவிர, சளிப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. ஒரு நாள் காலையில் சளியோடு இரத்தம் வந்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் வெண்படலமும், அதன் நடுவே ஐம்பது காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு குழிவும் தெரிந்தன. எடை 39 கிலோ.

அன்றிரவு அம்மா அழவில்லை. அண்ணனின் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஒரே பாயில படுத்து, ஒரே சோத்தத் தின்னு வளந்த புள்ளைங்க. அவனுக்கு மட்டும் ஏன் வந்துச்சு?"

நான் இப்போது மேல்நிலைப் பள்ளி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கிறேன். நோய்த்தடுப்பாற்றல் பாடத்தை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கேள்வி என் முன்னால் வந்து நிற்கிறது. இத்தனை ஆண்டுகளில் படித்துத் தெரிந்துகொண்டவற்றை, என் வீட்டில் நடந்தவற்றோடு சேர்த்து எழுதி வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அண்ணனுக்கு வந்தது எனக்கு வரவில்லை என்று அம்மா நினைத்தது பாதிதான் உண்மை. வீட்டில் உள்ளவர்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று அழைத்தபோது என் முன்கையில், கிருமி தொற்றியிருக்கிறதா என்று தோலில் பார்க்கும் மாண்டூ ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் அந்த இடம் சிவந்து, தொட்டால் சுட்டது. செவிலியர் அக்கா சிவப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு பந்துமுனைப் பேனாவைத் தோலின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். தடிப்பின் விளிம்பில் பேனா தட்டி நின்ற இடத்தில் ஒரு கோடு, எதிர்ப்பக்கத்திலிருந்து நகர்த்தி இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே அளவுகோலை வைத்துப் பார்த்து, 17 மில்லிமீட்டர் என்று எழுதினார். "கிருமி உங்கிட்டயும் வந்திருக்கும்மா. உன் உடம்பு அதப் புடிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார். எக்ஸ்ரே தெளிவாக இருந்தது, சளியில் ஒன்றுமில்லை. பெரியவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கும் வழக்கம் அப்போது நம் அரசுத் திட்டத்தில் இல்லாததால், இருமல் வந்தால் உடனே வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உலக மக்களில் ஏறத்தாழக் கால் பங்கினர் காசநோய்க் கிருமியால் தொற்றப்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளியாக ஆகிறவர்கள் 100க்கு 5 முதல் 10 பேர்தான். அதிலும் பெரும்பாலோர் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நோயுறுகிறார்கள். ஆகவே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்தக் கிருமியைத் தம் உடலுக்குள் அடக்கியோ அழித்தோ விடுகிறார்கள். கிருமி யாரிடமிருந்து வந்தது என்பதைத்தான் நம் வீடுகளில் துருவித் துருவிக் கேட்கிறோம். வந்த கிருமியை இந்த உடல் ஏன் அடக்க முடியாமல் போயிற்று என்று கேட்பவர்கள் குறைவு.

இந்தக் கேள்விக்கு மனித குலம் கொடுத்த மிகக் கொடிய விலை ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் கொடுக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், அந்நகரில் பிறந்த 251 குழந்தைகளுக்கு, காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பு மருந்து வாய்வழியே புகட்டப்பட்டது. மருந்து தயாரித்த ஆய்வகத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமியும் வளர்க்கப்பட்டு வந்தது. அது தடுப்பு மருந்தில் கலந்துவிட்டது. 72 குழந்தைகள் காசநோயால் இறந்தன. காசநோயைக் குணமாக்கிய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. மருந்து என்று கொடுக்க எதுவுமே இல்லை. அப்படியிருந்தும் எஞ்சிய குழந்தைகள் பிழைத்தன. பலவற்றுக்கு நோய் கண்டு, கழுத்திலும் வயிற்றிலும் நெறி கட்டி, பிறகு தாமாகவே ஆறின. கலந்திருந்த கிருமியின் அளவு எல்லாப் புட்டிகளிலும் ஒன்றாக இருக்கவில்லை என்பதும், அளவு கூடிய இடத்தில் சாவும் கூடியது என்பதும் பின்னர் தெரியவந்தன. எனினும் பிறந்து பத்து நாள்கூட ஆகாத சிசுக்களின் உடல், வீரியமுள்ள கிருமியை நேராக விழுங்கிய பிறகும், பெரும்பாலான இடங்களில் அதை வென்றது என்பதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த 72 தாய்மாரும் என் அம்மா கேட்ட கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்.

உடலுக்குள் நடப்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நோயாளி இருமும்போது வெளிவரும் மிக நுண்ணிய துளிகள், காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கின்றன. தட்டிலோ டம்ளரிலோ ஒட்டிக்கொண்டு அவை பரவுவதில்லை. மூச்சுக் காற்றோடு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போனால்தான் தொற்று. அங்கே காவலிருக்கும் மேக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல், வந்த கிருமியை விழுங்குகிறது. விழுங்கிய பொருளைப் பைக்குள் இட்டு, அமிலமும் நொதியும் நிறைந்த இன்னொரு பையோடு அதை இணைத்துச் செரித்துவிடுவது அந்தச் செல்லின் வழக்கம். காசநோய்க் கிருமியோ அந்த இரண்டு பைகளும் இணையாதபடி தடுத்துவிட்டு, தன்னைக் கொல்ல வந்த செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. அவசரமும் அதற்கு இல்லை. ஒரு முறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒரு நாளை எடுத்துக்கொள்ளும். இந்தச் செய்தி நிணநீர்க் கணுக்களுக்குப் போய், அங்கே டி செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்கள் கிருமியை அடையாளம் காணக் கற்றுக்கொண்டு பெருகித் திரும்பி வர இரண்டு முதல் எட்டு வாரங்கள் ஆகிவிடுகின்றன. மற்றத் தொற்றுகளோடு ஒப்பிட்டால் இது மிகுந்த தாமதம். என் கையில் 17 மில்லிமீட்டர் தடித்தது அந்த டி செல்களின் நினைவாற்றல்தான்.

வந்து சேர்ந்த டி செல்கள் காமா இன்டர்ஃபெரான் என்னும் சமிக்ஞையைச் சுரந்து, சோர்ந்திருந்த விழுங்கு செல்களைத் தட்டி எழுப்புகின்றன. எல்லாமாகச் சேர்ந்து கிருமியைச் சுற்றி ஒரு மணியைப் போலக் கட்டுகின்றன. அதற்குக் கிரானுலோமா என்று பெயர். இந்தச் சமிக்ஞை எவ்வளவு முக்கியம் என்பது 1996இல் மால்டாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக் குழந்தைகளிடம் வெளிப்பட்டது. காமா இன்டர்ஃபெரானை ஏற்கும் மரபணுவில் பிழையோடு பிறந்த அவர்களை, மற்றவர்களை ஒன்றும் செய்யாத மண்ணிலும் நீரிலும் வாழும் மைக்கோபாக்டீரியாக்களே, அதாவது காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளே, சாய்த்துவிட்டன. சிடி4 என்னும் வகை டி செல்களை எச்.ஐ.வி. அழிக்கும்போது காசநோய் முந்திக்கொண்டு வருவதும் இதனால்தான். 2001இல் இன்னொரு சான்று கிடைத்தது. மூட்டுவாதம் போன்ற நோய்களுக்காக இன்ஃப்ளிக்சிமாப் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வறிக்கை வெளியாயிற்று. அந்த ஊசி டிஎன்எஃப் என்னும் ஒரே ஒரு சமிக்ஞைப் பொருளை முடக்குவது. அது முடங்கியதும், அதுவரை அடைபட்டுக் கிடந்த கிருமி கட்டை உடைத்து வெளியேறியது. இன்று அந்த வகை ஊசி தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை செய்வது அதனால் வந்த வழக்கம்.

இது வரைக்கும் கேட்டால், எதிர்ப்பு மிகுந்தவர் பிழைப்பார், குறைந்தவர் விழுவார் என்று கணக்கு எளிதாகத் தோன்றும். என் மாணவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அண்ணனின் எக்ஸ்ரேயில் தெரிந்த அந்தக் கறுப்புக் குழிவு அந்தக் கணக்கை ஏற்பதில்லை. நுரையீரலில் குழி விழுவது பெரும்பாலும் நம் எதிர்ப்பு செல்கள் சுரக்கும் நொதிகள் நம் திசுவையே கரைப்பதால். எச்.ஐ.வி. முற்றி சிடி4 செல்கள் அருகிப்போனவர்களுக்குக் காசநோய் வந்தால் இத்தகைய குழிவுகள் அரிதாகவே காணப்படுகின்றன. அவர்கள் சளியிலும் கிருமி குறைவு. குழிவு உள்ளவரின் சளியிலோ கோடிக்கணக்கில் இருக்கும். அதாவது கிருமி அடுத்தவருக்குப் போய்ச் சேருவதற்கான வாசலை உடலின் எதிர்ப்பே திறந்து விடுகிறது. 2010இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, நம் டி செல்கள் அடையாளம் காணும் புரதப் பகுதிகளைக் காசநோய்க் கிருமி ஏறத்தாழ மாற்றாமலேயே காத்து வருகிறது என்று காட்டியது. மற்றக் கிருமிகள் பிடிபடாமலிருக்க முகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். இது தன்னைக் கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது.

என் பாட்டி இந்நோயை எலும்புருக்கி என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லின் துல்லியம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, பசியின்மை, உடல் உருகுதல் ஆகியவற்றில் பெரும்பங்கு நம் எதிர்ப்புச் சமிக்ஞைகளால் வருவது. நோயில் உடலை உருக்கும் பொருள் ஒன்றைத் தேடிய ஆய்வாளர்கள் அதற்குக் கேகெக்டின் என்று பெயரிட்டிருந்தார்கள். 1985இல் அதுவும் டிஎன்எஃபும் ஒன்றே என்று தெரியவந்தது. கிருமியைக் கட்டுக்குள் வைத்திருக்க எது இல்லாமல் முடியாதோ, அதுவே அளவு மீறினால் ஆளை உருக்குகிறது. லலிதா ராமகிருஷ்ணனின் ஆய்வுக் குழு இதைக் கண்ணால் காணும்படி செய்தது. ஜீப்ரா மீனின் குஞ்சுகள் கண்ணாடி போல ஊடுருவித் தெரிபவை; அவற்றுக்குக் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமி ஒன்றைச் செலுத்தினால் கிரானுலோமா உருவாவதை நுண்ணோக்கியில் நேராகப் பார்க்கலாம். டிஎன்எஃப் குறைந்த மீனிலும் கிருமி பெருகியது, மிகுந்த மீனிலும் பெருகியது; மிகுந்தபோது விழுங்கு செல்கள் செத்து உடைந்து, கிருமியை வெளியே கொட்டிவிட்டன.

தடுப்பூசி செய்வது இவ்வளவு கடினமாக இருப்பதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. எதிர்ப்பைத் தூண்டினால் மட்டும் போதாது என்பதை நம் மாவட்டமே உலகுக்குச் சொன்னது. 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பகுதியில், பிசிஜி தடுப்பூசியின் மிகப் பெரிய சோதனைக்காக ஊசி போட்டார்கள். அம்மாவின் ஊர் அந்தப் பக்கம். பத்து வயதில் பள்ளிக்கூடத் திண்ணையில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டது அவருக்கு நினைவிருக்கிறது. அவருக்குக் கிடைத்தது பிசிஜியா வெறும் திரவமா என்பது அவருக்கும் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது. அதுதான் அந்தச் சோதனையின் முறை. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியிட்ட முடிவு, பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பிசிஜி பாதுகாப்புத் தரவில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னது. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள மைக்கோபாக்டீரியாக்களோடு உடல் முன்பே பழகிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. சிசுக்களை மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பிசிஜி காக்கிறது. அதற்காகவே பிறந்தவுடன் போடுகிறோம், போடவும் வேண்டும்.

இனி உணவு. இதைப் பற்றித்தான் நான் மிகவும் எழுத விரும்பினேன்.

1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டு, வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் நல்ல உணவும் ஓய்வும் கொடுத்து வைத்தார்கள். மற்றவர்களைக் குடிசையிலும் ஒண்டுக்குடித்தனத்திலும் இருக்கவிட்டு அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் சாப்பாடு மிக மோசமாக இருந்தும், ஓராண்டு முடிவில் அவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தார்கள். அவர்கள் வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது; ஏழை நோயாளி தன் வீட்டிலேயே இருந்து குணமாகலாம் என்ற உரிமையைக் கொடுத்தது. அந்த ஆய்வின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் மாத்திரை சரியாக இருந்தால் சாப்பாடு முக்கியமில்லை என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து ஊன்றிவிட்டது. வந்த நோயை மருந்து குணமாக்குமா என்பது ஒரு கேள்வி. கிருமி தொற்றியவருக்கு நோய் வருமா வராதா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் பல பத்தாண்டுகள் பொருத்திக்கொண்டிருந்தோம் என்றே நான் நினைக்கிறேன்.

பட்டினி கிடக்கும் உடலில், டி செல்கள் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பி சுருங்கிவிடுகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் குறைய, டி செல்களின் பெருக்கமும் தளர்கிறது. பல நாடுகளின் நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான கணக்கு, உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் பிஎம்ஐ ஒரு புள்ளி கூடினால் காசநோய் ஏறக்குறைய 14 சதவீதம் குறைகிறது என்றது. சர்க்கரை நோய் ஆபத்தை மூன்று மடங்காக்கும். புகையும் குடியும் தம் பங்குக்குக் கூட்டும். எனினும் நம் நாட்டில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஊட்டக்குறைவுதான்.

ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கிய ரேஷன்ஸ் என்ற ஆய்வு இதை நேராகச் சோதித்தது. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேர். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பை கொடுத்தார்கள். ஒரு பாதி வீடுகளில் மட்டும் குடும்பத்தாருக்கும் கொடுத்தார்கள். ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, அன்றாடம் ஒரு சத்து மாத்திரை. 2023இல் முடிவு வெளிவந்தது: உணவு பெற்ற வீடுகளில் காசநோய் 39 சதவீதமும், பரிசோதனையில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதமும் குறைந்திருந்தன. எத்தனையோ கோடி செலவில் தேடிக்கொண்டிருக்கும் புதிய தடுப்பூசியிடம் நாம் எதிர்பார்க்கும் பலன் இது. நியாயவிலைக் கடைச் சாக்கில் இருக்கும் அரிசியும் பருப்பும் அதைச் செய்தன.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஒரே சோற்றைத் தின்று வளர்ந்தோம் என்றார் அல்லவா, கடைசி ஓராண்டில் அது உண்மையாக இல்லை. நான் கல்லூரியில் சேர்ந்ததும் அண்ணன் இரவு வேலை ஒன்றுக்குப் போனார். பகலில் தூங்கி, மாலையில் கிளம்பிவிடுவார். அங்கே சாப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னவர் டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டார் என்பதும், அந்தச் சாப்பாட்டுக் காசு என் பருவக் கட்டணத்தில் சேர்ந்தது என்பதும் அவர் நோயில் படுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தன. வேலைக்குச் சேர்ந்தபோது 56 கிலோ இருந்தவர். நோயால் இளைத்தாரா, இளைத்ததால் நோய் வந்ததா என்று எனக்கு நீண்ட நாள் சந்தேகம் இருந்தது. இருமல் தொடங்குவதற்கு ஐந்தாறு மாதங்களுக்கு முன்பு நண்பர் ஒருவரின் தந்தைக்கு இரத்தம் கொடுக்கப் போனவரை, 45 கிலோ இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று நண்பரிடம் கேட்டுக்கொண்டாராம். கிருமி யாரிடமிருந்து வந்ததோ தெரியாது. அது வந்தபோது அவர் உடல் இருந்த நிலை எனக்குத் தெரியும்.

ஆறு மாதங்கள் வாரம் மும்முறை மருந்து சாப்பிட்டுக் குணமானார். முதல் நாள் ரிஃபாம்பிசின் விழுங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து இரத்தமோ என்று பயந்துபோய் என்னைக் கூப்பிட்டது நினைவிருக்கிறது. அம்மா தினம் இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தார். அடகுக்குப் போன மூக்குத்தி மீளவில்லை. சிகிச்சை முடிந்தபோது எடை 54 கிலோ. தனி டம்ளர் மட்டும் அதற்குப் பிறகும் சில மாதங்கள் அலமாரியில் தனியாகவே இருந்தது. அதை அண்ணன் இன்னும் மறக்கவில்லை.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவருக்குக் காசநோய் உறுதியானது. அவர் மனைவி என்னிடம் வந்து, "டீச்சர், தட்ட தனியா வச்சிட்டேன், அது போதும்ல?" என்று கேட்டார். தட்டைச் சேர்த்தே வைக்கலாம், சன்னலைத் திறந்து வையுங்கள், அவர் வாயை மூடிக்கொண்டு இருமட்டும் என்றேன். வாசலில் அவர்களுடைய மூத்த பெண் நின்றிருந்தாள், பதினொன்றாம் வகுப்பு, என் மாணவிதான். உள்ளே அழைத்து எடைக் கருவியில் ஏறச் சொன்னேன். 36 கிலோ காட்டியது. காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு அம்மாவைப் பார்த்தாள். மறுநாள் முதல் வகுப்பை மாற்றிக்கொண்டு, அவளையும் அவள் தம்பியையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எக்ஸ்ரேக்கும் தடுப்பு மாத்திரைக்கும் அழைத்துப் போனேன். போகும் வழியில் மூவரும் இட்லி சாப்பிட்டோம்.